கேட்கப்படாதவர்களின் செலவில் நாற்பது வருடம்

"விட்டுக்கொடுக்கத் தெரியாத நாட்டிலதான் உள்நாட்டுப் போர் வரும். அமெரிக்காவைப் பாருங்கோ. நாற்பது வருசம் பேசிப் பேசியே தள்ளிப்போட்டவங்கள். அந்தப் பொறுமை எங்களுக்கு இருக்கேல்லை."

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் நாங்கள் மத்தியானம் சாப்பிடும் அறையில், மூத்த சட்டத்தரணி ஒருவர் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி இப்படிச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். எனக்கு அவர்மீது நிறைய மரியாதை உண்டு. வழக்கை இழுக்காமல் இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசவைப்பதில் அவரைப்போல் ஒருவரை நான் இந்தக் கொழும்பில் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நாற்பது வருடத்தைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பேச நேரமில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றை நான் அதன் வழியாகத்தான் பார்க்கிறேன். நான் பார்ப்பது பெரும்பாலும் காணிப் பிரிவினை வழக்குகள். ஒரு காணிக்கு யார் யார் பங்காளர் என்று கண்டுபிடிப்பதிலேயே இந்த வேலையில் பாதி போய்விடும். வம்சாவளி எழுதவேண்டும். கனடாவில் இருக்கும் மூத்த மகளின் பிள்ளைகளைத் தேடவேண்டும். நில அளவையாளர் வருகிறார் என்பதைக் காணியில் பறையடித்து அறிவிக்கவேண்டும். ஏன் இத்தனை பாடு? பிரிவினைத் தீர்ப்பு ஒருமுறை வந்துவிட்டால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். விடுபட்டுப்போனவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும்தான், காணி போனது போனதுதான். ஆகவே யாராவது 'வழக்கைச் செட்டில் பண்ணலாம்' என்று வந்தால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எல்லாப் பங்காளரும் வந்திருக்கிறார்களா?

அடிமைமுறை பற்றி வடக்கும் தெற்கும் செய்துகொண்ட அமெரிக்க சமரசங்களைப் படிக்கும்போது அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டே போனேன். அங்கே அடிமைகள் விடுபட்டுப்போன பங்காளர்கள்கூட இல்லை. அவர்கள் காணியின் இடத்தில் இருந்தார்கள்.

சரி, 1819க்கு வருவோம். அப்போது அமெரிக்காவில் 22 மாநிலங்கள். 11இல் அடிமைமுறை உண்டு, 11இல் இல்லை. மக்கள்தொகை வடக்கில் கூடிக்கொண்டு போனதால் பிரதிநிதிகள் சபையில் வடக்கின் கை ஓங்கியிருந்தது. அந்தச் சபையிலும் தெற்கு தனக்குரியதைவிட அதிக இடங்களை வைத்திருந்தது. 1787இல் அரசியலமைப்பை எழுதியபோதே, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டுத் தெற்குக்குப் பிரதிநிதித்துவம் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். வாக்கில்லாத, வாயில்லாத மனிதர்களின் எண்ணிக்கையை வைத்து அவர்களின் எசமானர்களுக்கு ஆசனம். இதுவும் ஒரு சமரசம்தான், முதல் சமரசம் என்றே சொல்லலாம். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் என்பதால் அங்கே இரண்டு பக்கமும் சரிக்குச் சரி.

இந்த நிலையில்தான் மிசூரி தன்னை மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு வந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டால்மட்ஜ் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மிசூரிக்குள் இனிமேல் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது. மாநிலமான பிறகு அங்கே அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளை 25 வயதில் விடுதலை செய்யவேண்டும். அவ்வளவுதான். அந்த நேரம் மிசூரியில் சுமார் 10,000 அடிமைகள் இருந்தார்கள். அந்தத் திருத்தம் அவர்களில் ஒருவரைக்கூட விடுவிக்காது. பிறக்கப்போகிற பிள்ளைக்கும், வாழ்க்கையின் நல்ல காலமெல்லாம் உழைத்து முடித்த பிறகுதான் விடுதலை. இத்தனை மெதுவான, இத்தனை கவனமான யோசனையைக்கூடத் தெற்கு பிரிவினை மிரட்டலோடு எதிர்கொண்டது. பிரதிநிதிகள் சபையில் திருத்தம் நிறைவேறியது, செனட்டில் தோற்றது.

அடுத்த வருடம் வழி கிடைத்தது. மாசச்சூசெட்சின் ஒரு துண்டாக இருந்த மேய்ன் தனி மாநிலமாக விரும்பியது. மேய்ன் அடிமைமுறை இல்லாமல் வரட்டும், மிசூரி அடிமைமுறையோடு வரட்டும், 12க்கு 12. அதோடு இலினோயைச் சேர்ந்த செனட்டர் ஜெசி தோமஸ் ஒரு கோடு போடச் சொன்னார்: பிரான்சிடம் வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அகலக்கோட்டுக்கு வடக்கே, மிசூரியைத் தவிர வேறெங்கும் அடிமைமுறை கூடாது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஹென்றி கிளே இதைத் துண்டு துண்டாக வாக்கெடுப்புக்கு விட்டு நிறைவேற்றினார். மிசூரி மீதான தடையை நீக்கும் வாக்கெடுப்பு 90க்கு 87. மூன்றே மூன்று வாக்கு வித்தியாசம். 1820 மார்ச் 6ஆம் திகதி ஜனாதிபதி மன்றோ கையொப்பமிட்டார்.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்வது தோமஸ் ஜெபர்சன் அந்த ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் பற்றி. நடுச்சாமத்தில் அடிக்கும் தீ எச்சரிக்கை மணிபோல இந்தப் பிரச்சினை தன்னைத் திகிலோடு எழுப்பிவிட்டது என்றும், இது ஒன்றியத்தின் சாவு மணி என்றும் அவர் எழுதினார். தீர்க்கதரிசி என்று அவரைப் புகழ்வார்கள். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அடிமைகளை அதிக நிலப்பரப்பில் பரவவிட்டால் அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் சந்தோசமாக இருப்பார்கள் என்கிறார். நூற்றுக்கணக்கானவர்களை வைத்திருந்த எசமானர் ஒருவர் சொல்லும் வார்த்தை அது. சந்தையில் விற்கப்பட்டுத் தாயைப் பிரிந்து மேற்கே நடந்துபோன பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

மிசூரி விவகாரம் அதோடு முடியவும் இல்லை. மிசூரிக்காரர் தங்கள் மாநில அரசியலமைப்பில், சுதந்திரமான கறுப்பின மக்கள் மாநிலத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று ஒரு வாசகத்தைப் போட்டார்கள். வேறு மாநிலங்களில் குடிமக்களாக இருந்தவர்களையும் அது தடுத்தது. மறுபடி சண்டை, மறுபடி கிளே. அந்த வாசகத்தை வைத்து எந்தக் குடிமகனின் உரிமையையும் பறிக்கமாட்டோம் என்று மிசூரி ஒரு வாக்குறுதி தந்தால் போதும் என்று 1821இல் முடித்தார்கள். வாசகம் அப்படியே இருந்தது. இப்படி எழுதி முடிக்கும் இணக்கப்பாடுகளை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் வென்றதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பாதிக்கப்படுகிறவர் அந்த இரண்டு பக்கத்திலும் இருக்கமாட்டார்.

கோடு போட்டதால் மிசூரிக்குள் என்ன மாறியது? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே அடிமைகள் சுமார் 115,000 பேர்.

இதை எழுதும்போது எங்கள் சொந்த வீட்டையும் பார்க்கவேண்டும். என் தாய்வழி யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை நான் நீதிமன்றத்தில் இன்றும் பயன்படுத்துகிறேன். சீதனம், முதுசம், தேடியதேட்டம் எல்லாம் அதில்தான். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த அந்தச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயரோடேயே இருக்கிறது. மிசூரி விவாதம் நடந்த அதே வருடங்களில் இங்கேயும் இதே மாதிரியான பேரம் நடந்தது. 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், எசமானர்களையே இணங்கவைத்தார். அந்த வருடம் ஓகஸ்ட் 12க்குப் பிறகு தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 1818இல் அடிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1821இல் யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொன்று: அடிமைத் தாய்க்குப் பெண்குழந்தை பிறந்தால் அரசாங்கமே எசமானருக்குப் பணம் கொடுத்து அந்தக் குழந்தையின் விடுதலையை வாங்கும். கோவியப் பிள்ளைக்கு ஒரு விலை, நளவ, பள்ளப் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்த விலை. முழுதாக ஒழிக்கும் சட்டம் 1844இல்தான் வந்தது.

டால்மட்ஜ் கேட்டதும் ஜோன்ஸ்டன் செய்ததும் ஏறக்குறைய ஒன்று. பிறக்கப்போகிறவர்களை விடுவிப்பது, இருக்கிறவர்களை விட்டுவிடுவது. எங்கள் குடும்பங்களில் இந்தக் கதையை யாரும் பேசமாட்டார்கள். முதுசக் காணி எத்தனை பரப்பு என்று கடைசிக் குழிவரை தெரிந்த ஆட்களுக்கு, அந்தக் காணியைக் கொத்தியது யார் என்று கேட்டால் தெரியாது. எனக்கு இது பெரிய வெட்கம். 1844க்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேலாக அந்தச் சாதியினரைக் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் விடாமல் வைத்திருந்தோம். ஆகவே அமெரிக்காவை நோக்கி விரல் நீட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை.

இப்போது 1850. மெக்சிக்கோவோடு போர் செய்து பெரிய நிலத்தைப் பிடித்தார்கள். அந்த நிலத்தில் அடிமைமுறை கூடாது என்று 1846இல் டேவிட் வில்மட் கொண்டுவந்த யோசனை கீழ்ச்சபையில் நிறைவேறி செனட்டில் தேங்கியது. அப்புறம் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து, ஆட்கள் குவிந்து, அது அடிமைமுறை இல்லாத மாநிலமாக வர விரும்பியது. திரும்பவும் முறுகல். திரும்பவும் ஹென்றி கிளே, இப்போது 72 வயதில். பெரிய சமரசக்காரர் என்பதே அவருக்குப் பட்டமாகிவிட்டிருந்தது.

கிளேயின் உரைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அவர் வீட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் சார்லட் டூப்பே. கிளே வெளிவிவகாரச் செயலாளராக இருந்த காலத்தில், வெள்ளை மாளிகைக்கு எதிர்ச் சதுக்கத்தில் இருந்த டெகேட்டர் இல்லத்தில் அவருடைய குடும்பத்துக்கு ஊழியம் செய்தவர். 1829இல் கிளே பதவி முடிந்து கென்டக்கிக்குத் திரும்பப் புறப்படும் நேரம், சார்லட் நீதிமன்றத்துக்குப் போய் கிளே மீது வழக்குப் போட்டார். முந்தைய எசமானர் தனக்கு விடுதலை தருவதாக வாக்களித்திருந்தார் என்பது அவருடைய வாதம். நாட்டிலேயே பெரிய அரசியல்வாதிகளில் ஒருவருக்கு எதிராக, அவருக்குச் சொந்தமான ஒரு பெண். வழக்கு முடியும்வரை அவரை வொஷிங்டனை விட்டுக் கொண்டுபோகக்கூடாது என்றானது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கிளேயோடு கென்டக்கிக்குப் போனார்கள். சார்லட் அதே வீட்டில், அடுத்து அங்கே குடிவந்த மார்ட்டின் வான் பியூரனிடம் கூலிக்கு வேலை செய்தபடி காத்திருந்தார்.

1830இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கென்டக்கிக்கு வா என்றதற்கு அவர் மறுத்தார். கிளே தன் முகவர் மூலம் அவரைச் சிறையில் போடச் செய்தார். அங்கிருந்து நியூ ஓர்லியன்சில் இருந்த கிளேயின் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1840இல்தான் கிளே அவரையும் அவருடைய மகளையும் விடுவித்தார்.

வழக்கில் தோற்றபின் கட்சிக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தோற்றபிறகும், எதிராளியின் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்ற அந்தத் துணிச்சலை நினைத்துப் பார்க்கிறேன். வடக்கையும் தெற்கையும் ஒரு மேசையில் இருத்தத் தெரிந்த மனிதருக்கு, தன் வீட்டுச் சமையலறையில் நின்ற பெண்ணோடு இணக்கத்துக்கு வரத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் என்பதல்ல என் வாதம். சமரசம் என்று அவர் நினைத்த காரியத்துக்குள் சார்லட் ஒரு தரப்பாக வரவே முடியாது என்பதுதான்.

1850 சமரசத்தை கிளே ஒரே கட்டாகக் கொண்டுவந்தார். யூலை முடிவில் அது சரிந்தது. இலினோய் செனட்டர் ஸ்டீவன் டக்ளஸ் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெரும்பான்மை திரட்டி செப்டெம்பரில் நிறைவேற்றினார். எல்லாத் துண்டுகளுக்கும் 'ஆம்' சொன்ன செனட்டர்கள் மிகச் சிலரே. அதாவது வடக்கு தன் துண்டுக்கு வாக்களித்தது, தெற்கு தன் துண்டுக்கு வாக்களித்தது, நடுவில் கொஞ்சப் பேர் அங்கும் இங்கும் சாய்ந்தார்கள். இதைச் சமரசம் என்று சொல்லவே எனக்குத் தயக்கம். கலிபோர்னியா சுதந்திர மாநிலம். யூட்டா, நியூ மெக்சிக்கோ பிரதேசங்களில் குடியேறுகிறவர்களே முடிவெடுக்கலாம். டெக்சசுக்கு எல்லைத் தகராறை விட்டுக்கொடுத்ததற்காக 1 கோடி டொலர். தலைநகரில் அடிமை வியாபாரம் தடை, ஆனால் அடிமைமுறை தொடரும். கடைசியாக, தப்பியோடும் அடிமைகள் பற்றிய சட்டம்.

இந்தக் கடைசிச் சட்டத்தைச் சட்டத்தரணி என்ற முறையில் வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஓடிவந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜூரி கிடையாது. அவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவே முடியாது. ஆணையாளர் ஒருவர் விசாரிப்பார். அவரை அடிமை என்று திருப்பி அனுப்பினால் ஆணையாளருக்கு 10 டொலர் கட்டணம், அனுப்பாவிட்டால் 5 டொலர். முதலாவதற்குப் பத்திரவேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். தடுக்கிறவருக்கு 1,000 டொலர்வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும். தெருவில் போகிறவரையும் பிடிப்பதற்கு உதவும்படி கட்டளையிடலாம். தீர்ப்பின் திசையைப் பொறுத்து நீதிபதியின் கூலி மாறும் ஒரு சட்டம் எந்த நாட்டிலும் சட்டமாக இருக்கக்கூடாது. இதை அந்தக் காலத்தின் மிகப் படித்த மனிதர்கள், அமைதியைக் காப்பாற்றுகிறோம் என்ற நிறைவோடு ஏற்றுக்கொண்டார்கள்.

சட்டம் கையொப்பமானது செப்டெம்பர் 18. அந்த மாதம் முடிவதற்குள் நியூயோர்க்கில் ஜேம்ஸ் ஹாம்லெட் என்பவரை வேலைத்தலத்தில் வைத்துப் பிடித்தார்கள். கடையில் சுமை தூக்கிப் பொதி கட்டும் வேலை அவருக்கு. மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். தன் தாய் சுதந்திரமானவள், ஆகவே தானும் சுதந்திரமானவன் என்றார். சட்டப்படி அவர் சொல்லை யாரும் கேட்கத் தேவையில்லை. பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நியூயோர்க்கின் கறுப்பின மக்கள் கூட்டம் போட்டு, முன்னின்று 800 டொலர் சேர்த்து, அவரை விலைக்கு வாங்கித் திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஊரே கூடி வரவேற்றது. ஹாம்லெட்டுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அந்தச் செய்தி பரவியதும் வடக்கு நகரங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்கு எல்லை கடந்தன. எங்கள் ஆட்களுக்குக் கனடாவுக்கு ஓடுவதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

இனிக் கதை வேகமாகப் போகிறது. 1854இல் அதே டக்ளஸ், மேற்கே ரயில் பாதை போடும் ஆசையில், கன்சாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களுக்குச் சட்டம் கொண்டுவந்து 1820இன் கோட்டையே அழித்தார். அங்கே குடியேறுகிறவர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. 1855 மார்ச்சில் கன்சாஸில் தேர்தல். கணக்கெடுப்பின்படி தகுதியான வாக்காளர் 2,905 பேர், விழுந்த வாக்கு 6,307. மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்தவர்கள் போட்டது மிச்சம். அதற்குப் பிறகு கன்சாஸில் இரத்தம் ஓடியது. வாக்களிக்கும் உரிமை அந்தப் பிரதேசத்தின் அடிமைகளுக்கு இருந்ததா என்ற கேள்வியை டக்ளஸ் எழுப்பவே இல்லை.

அடுத்தது ட்ரெட் ஸ்கொட் வழக்கு. எல்லோரும் அவர் பெயரை மட்டும் சொல்வார்கள். வழக்குப் போட்டது அவரும் அவருடைய மனைவி ஹேரியட்டும். எசமானரான இராணுவ மருத்துவர் அவர்களை 36 பாகை 30 கலைக்கு வடக்கே, அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பிரதேசத்தில் வருடக்கணக்காக வைத்திருந்தார். அவர்களுடைய மூத்த மகள் எலிசா பிறந்தது மிசிசிப்பி ஆற்றில் போய்க்கொண்டிருந்த ஒரு நீராவிப் படகில், மிசூரியின் வட எல்லைக்கும் மேலே. அந்தக் கோட்டுக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால், அந்தப் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்த பிள்ளை. 1846இல் செயின்ட் லூயிஸில் வழக்குத் தொடங்கியது. 1850இல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1852இல் மாநில உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. கடைசியில் 1857 மார்ச் 6ஆம் திகதி, மிசூரிச் சமரசத்தில் மன்றோ கையொப்பமிட்டு சரியாக 37 வருடம் கழித்து, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் டேனி தீர்ப்பை வாசித்தார். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கமுடியாது, ஆகவே வழக்குப் போடவே உரிமை இல்லை. அந்தக் கோட்டைப் போடுவதற்குக் காங்கிரசுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஏழுக்கு இரண்டு.

கோட்டை நம்பி நீதிமன்றத்துக்கு வந்த ஒரு குடும்பத்திடம், கோடே செல்லாது, நீங்களும் செல்லாது என்று சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்களில் பழைய எசமானர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அவர்களை விடுவித்தார். ட்ரெட் அடுத்த வருடமே காசநோயில் இறந்துபோனார்.

1860இல் லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிவானதும், தெற்கு பிரிந்துபோவதைத் தடுக்கும் கடைசி முயற்சியாக கென்டக்கியின் செனட்டர் கிரிட்டன்டன் ஒரு திட்டம் வைத்தார். பழைய கோட்டைப் பசிபிக் சமுத்திரம்வரை நீட்டி, அதன் தெற்கே அடிமைமுறையை அரசியலமைப்பாலேயே நிரந்தரமாகப் பாதுகாப்பது. லிங்கன் பல விடயங்களில் இறங்கிவரத் தயாராக இருந்தார், அடிமைமுறையைப் புதிய நிலங்களுக்குப் பரப்புவதில் மட்டும் அசையவேண்டாம் என்று தன் ஆட்களுக்கு எழுதினார். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் போர் வந்திருக்காது என்பவர்கள் இன்றும் உண்டு. வந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அமைதியில் யார் வாழ்ந்திருப்பார்கள்?

1820இல் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 15 இலட்சம். 1860இல் சுமார் 40 இலட்சம். மூத்தவர் சொன்ன அந்தப் பொறுமையான நாற்பது வருடம் இதுதான். போரில் இறந்தவர்கள் 6 இலட்சத்துக்கும் மேல், அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அமைதியில் பிரிக்கப்பட்ட தாய்மார், விற்கப்பட்ட பிள்ளைகள், தெற்கின் வடபகுதி மாநிலங்களிலிருந்து பருத்தி வயல்களுக்கு ஓட்டிச்செல்லப்பட்ட பத்து இலட்சம் அளவிலான மனிதர்கள், இவர்களைப் போர்க் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. போரை நான் விரும்பவில்லை. போர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த நாற்பது வருடத்தை அமைதி என்று எழுத எனக்குக் கை வராது.

எங்களுடைய கதையோடு மூத்தவர் இதை ஒப்பிட்டதும் பொருந்தவில்லை. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தபோது பாதிக்கப்பட்ட பக்கம் மேசையில் இருந்தது. அது கிழிந்தது, றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குமார் உட்கார்ந்ததால், அடுத்த வருடம் ஏப்ரலில். மேயில் கலவரம். இதில் தப்பு, செய்த சமரசத்தைக் காப்பாற்றாதது. அமெரிக்காவில் தப்பு வேறு: காப்பாற்றக்கூடாத சமரசத்தைக் காப்பாற்றியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, 'பொறுமை இல்லை' என்று பெயர் வைத்தால் இரண்டுமே விளங்காமல் போகும்.

அமெரிக்காவுக்குக் கொஞ்சமாவது கிட்ட வருவது 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழர் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகள் கையொப்பமிட்டன. தோட்டத் தொழிலாளர் அடிமைகள் இல்லை, இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். ஆனால் கையொப்பமிட்ட தரப்புகளில் அந்த மக்கள் இல்லை. வீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று ஆன குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம் தேடி எங்கள் அலுவலகப் படி ஏறுகிறார்கள்.

1861 மார்ச் தொடக்கத்தில், போர் தொடங்க ஆறு வாரங்கள்கூட இல்லாதபோது, அமெரிக்கக் காங்கிரஸ் இன்னொரு அரசியலமைப்புத் திருத்தத்தை இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. மாநிலங்களில் உள்ள அடிமைமுறையில் காங்கிரஸ் ஒருபோதும் கைவைக்கமுடியாது என்பதே அது. சில மாநிலங்கள் அங்கீகரித்தன. ஏப்ரல் 12ஆம் திகதி சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்ததும் அது கிடப்பில் போனது. பிறகு கறுப்பின ஆண்கள் சுமார் 180,000 பேர் வடக்கின் படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1865இல் வந்த 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

அதன் பின்னும் சமரசம் நிற்கவில்லை. 1876 ஜனாதிபதித் தேர்தல் தகராறில் முடிந்தபோது, ஹேய்ஸ் ஜனாதிபதியானார், தெற்கில் மிஞ்சியிருந்த குடியரசுக் கட்சி மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற படைகள் விலகின, விடுதலையானவர்கள் தங்கள் முன்னாள் எசமானர்களின் கையில் விடப்பட்டார்கள். இந்த முறை அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது, காங்கிரசில் அவர்களுடைய பிரதிநிதிகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் எப்படி நடந்தது என்பதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவு 1877 பற்றி.